32,767-இல் நின்றுவிடும் ஸ்க்ரோல் பார்

விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டு, பல வருஷங்களாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த நிரல் ஒன்று, அதன் ஒரு வரியைக்கூட யாரும் தொடாத நிலையில், திடீரென்று ஒருநாள் காலை ‘ரன்-டைம் எர்ரர் 6: ஓவர்ஃப்ளோ’ என்ற அறிவிப்பைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளுமானால், அதைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர் முதலில் வைரஸையும், அதற்கு அடுத்தபடியாகப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரையும் சந்தேகிப்பது சகஜம். அந்தச் சந்தேகங்களுக்கு இடம் கொடுக்குமுன், அந்த ஃபார்மில் ஸ்க்ரோல் பார் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இருக்குமாயின், அதற்கு அனுப்பப்படும் எண் எவ்வளவு என்பதையும் பார்த்துவிட வேண்டும். அந்த எண் 32,767-ஐத் தாண்டியிருந்தால் வியாதி இன்னதென்று தெரிந்துவிட்டது. இனிச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்க்ரோல் பாரின் மேக்ஸ், மின், வேல்யூ என்னும் மூன்று ப்ராப்பர்ட்டிகளும் விஷுவல் பேசிக்கில் இன்டிஜர் வகையைச் சேர்ந்தவை. இன்டிஜர் என்பது அந்த மொழியில் இரண்டு பைட். அதாவது 16 பிட். அவற்றுள் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடுவதால், அது கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. மிகச் சிறியது கழித்தல் 32,768. 1991-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் விஷுவல் பேசிக், 16 பிட் விண்டோஸின் மீது இயங்கிய காலத்தில் இந்த அளவு இயல்பானதாகவே இருந்தது. ஏனென்றால் விண்டோஸே ஸ்க்ரோல் பாரின் எல்லைகளை 16 பிட் எண்களாகத்தான் வாங்கிக்கொண்டது. பிறகு 1995-இல் வந்த நான்காம் பதிப்பு 16 பிட், 32 பிட் என்ற இரண்டு உருவங்களிலும் வெளிவந்தது. 1997-இல் ஐந்தாம் பதிப்பு 32 பிட் மட்டுமே என்றாயிற்று. 1998-இல் ஆறாம் பதிப்பு வந்தது. சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு இன்ட் என்னும் வகை இந்த மாற்றத்தோடு தானாகவே 32 பிட்டாக வளர்ந்துவிட்டது. விஷுவல் பேசிக்கின் இன்டிஜரோ, பழைய நிரல்கள் பழுதுபடக்கூடாது என்ற நல்லெண்ணத்தினால், இரண்டு பைட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2002-இல் விஷுவல் பேசிக் டாட் நெட் வந்த பிறகுதான் அது நான்கு பைட் ஆயிற்று. விண்டோஸ் வளர்ந்தும் அதன் மீது அமர்ந்த கன்ட்ரோல் வளராமல் போன இந்த இடைவெளியில்தான் நம் கோளாறு குடியிருக்கிறது. இதைப் பிழை என்று சொல்வதா, வரம்பு என்று சொல்வதா என்பது தர்க்க சாஸ்திரிகளுக்கு விட வேண்டிய விஷயம். நிரல் நின்றுபோய் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

சாமானியமாக இது முதலில் தலைகாட்டுவது, பெரிய படம் ஒன்றைச் சிறிய ஜன்னலுக்குள் நகர்த்திப் பார்ப்பதற்காக, ஒரு பிக்சர் பாக்ஸுக்குள் இன்னொரு பிக்சர் பாக்ஸை வைத்து, பக்கத்தில் செங்குத்தான ஸ்க்ரோல் பார் ஒன்றைப் பொருத்தும் அந்தப் பிரசித்தமான அமைப்பில்தான். உள்பெட்டியின் உயரத்திலிருந்து வெளிப்பெட்டியின் உயரத்தைக் கழித்து, வரும் மீதியை மேக்ஸில் போட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த முறை. முறையில் குற்றமில்லை, ஆனால் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் விஷுவல் பேசிக் உயரத்தை ட்விப் என்னும் அலகில் அளக்கிறது. ஓர் அங்குலத்துக்கு 1,440 ட்விப். சாதாரணத் திரை அமைப்பில் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். ஆகவே 32,767 ட்விப் என்பது ஏறக்குறைய 2,184 பிக்சல்தான். ஏ4 காகிதம் ஒன்றை அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால், அதன் உயரம் சுமார் 2,338 பிக்சல், அதாவது 35,070 ட்விப், 600 பிக்சல் உயரமுள்ள ஜன்னலுக்கு 9,000 ட்விப்பைக் கழித்தால் 26,070 நிற்கும், நிரல் ஓடும். அதே காகிதத்தை யாரோ ஒருவர், எழுத்து இன்னும் தெளிவாக விழட்டுமே என்று 300 புள்ளிக்கு மாற்றி ஸ்கேன் செய்தால், உயரம் சுமார் 3,508 பிக்சல், ட்விப்பில் 52,620, ஜன்னலைக் கழித்த பின்னும் 43,620. அந்தக் கணத்தில் ஓவர்ஃப்ளோ. நிரலில் யாரும் கை வைக்கவில்லை; ஸ்கேனரில் ஒரு பொத்தானை மாற்றினார்கள், அவ்வளவே.

இந்தச் சந்தர்ப்பத்துக்கு மிக எளிய நிவாரணம், வெளிப்பெட்டியின் ஸ்கேல்மோட் ப்ராப்பர்ட்டியைப் பிக்சலாக மாற்றிவிடுவது. ஒரே மாற்றத்தில் நமக்குப் பதினைந்து மடங்கு இடம் கிடைக்கிறது. மேலே சொன்ன 43,620 என்ற எண் 2,908 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு கன்ட்ரோலின் ஹைட், டாப் ஆகியவை, அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பாத்திரத்தின் அலகில் அளக்கப்படுகின்றன. ஸ்கேல்ஹைட் மட்டுமே அதன் சொந்த அலகில் அளக்கப்படுகிறது. ஆகையால் உள்பெட்டியின் உயரத்துக்கு அதன் ஹைட்டையும், வெளிப்பெட்டியின் உயரத்துக்கு அதன் ஸ்கேல்ஹைட்டையும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே அலகில், அதாவது வெளிப்பெட்டியின் அலகில், ஒத்துவரும். இரண்டிலும் ஹைட்டையே எழுதிவிட்டு, ஃபார்ம் இன்னும் ட்விப்பிலேயே இருக்குமானால், பிக்சலிலிருந்து ட்விப்பைக் கழித்த விபரீதம் நேரும். மேக்ஸில் கழித்தல் எண் விழுந்து, பட்டை தலைகீழாக நடக்கத் தொடங்கும்.

வேறு காரணங்களால் ஸ்கேல்மோடை மாற்ற முடியாதவர்கள், பட்டையைப் பிக்சலில் வைத்துக்கொண்டு, படத்தை நகர்த்தும்போது மட்டும் வேல்யூவைப் பதினைந்தால் பெருக்கி ட்விப்பாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். நினைப்பு சரியே. ஆனால் வேல்யூ ஓர் இன்டிஜர். நிரலில் எழுதும் 15 என்ற எண்ணும் ஓர் இன்டிஜர். இன்டிஜரை இன்டிஜரால் பெருக்கினால், விடை எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல், விஷுவல் பேசிக் அதை இன்டிஜராகவே கணிக்கிறது. ஆதலால் வேல்யூ 2,184-ஐத் தாண்டியதும் அதே ஓவர்ஃப்ளோ, வேறொரு வரியில், மறுபடியும் முளைக்கும். பதினைந்து என்று எழுதுவதற்குப் பதிலாக ஸ்க்ரீன் என்னும் பொருளின் ட்விப்ஸ்பெர்பிக்சல்ஒய் என்ற ப்ராப்பர்ட்டியால் பெருக்குவதே உசிதம். அது சிங்கிள் வகை ஆதலால் பெருக்கல் நிரம்பி வழியாது. அன்றியும், திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒரு பிக்சலுக்குப் பன்னிரண்டு ட்விப்தான் என்பதையும் அது தானே அறிந்து சொல்லும்.

படத்தோடு நின்றால் இவ்வளவே போதும். ஆனால் ஒரு லட்சம் வரிகள் கொண்ட பேரேடு ஒன்றை நாமே வரைந்து காட்டும் நிரலில், வரி எண்ணையே வேல்யூவாக வைத்திருந்தவர்களுக்குப் பிக்சல் மாற்றம் உதவாது. அவர்களுக்கு வேண்டியது விகித முறை. தேசப்படத்தில் ஓர் அங்குலத்தைப் பத்து மைலாகக் கொள்வதைப்போல, பட்டையின் 32,767 படிகளையும் ஒரு லட்சம் வரிகளுக்குப் பங்கிட்டுக்கொள்வது அது. இந்த முறையைக் கைக்கொள்ளுகிறவர் ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட வேண்டிய ஒன்று உண்டு: திரையின் மேல்விளிம்பில் இப்போது நிற்பது எந்த வரி என்ற உண்மை, லாங் வகையைச் சேர்ந்த நம்முடைய சொந்த மாறியில் இருக்க வேண்டும், பட்டை அதை வெளியே காட்டும் கருவியாக மட்டும் இருக்க வேண்டும். நான் பார்த்த அநேக நிரல்களில் விகித முறை அரைகுறையாகப் போனதற்குக் காரணம், எழுதினவர்கள் கடைசிவரை பட்டையையே நம்பி, ‘இப்போது எந்த வரி?’ என்று அதனிடமே கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

கணக்கைப் பார்ப்போம். வேல்யூவை மொத்த வரிகளால் பெருக்கி, 32,767-ஆல் வகுத்தால் மேல்வரி கிடைக்கும் என்று எழுதுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். மொத்த வரி என்பது லாங். ஆகவே பெருக்கற்பலனும் லாங். அதன் உச்சி 2,14,74,83,647. ஒரு லட்சம் வரி இருக்கும்போது, வேல்யூ 21,474-ஐத் தாண்டினவுடன், அதாவது பட்டையை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரம் இழுத்த பிறகு, அந்த உச்சியும் போதாமல் போய்விடுகிறது. நிரலைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் பட்டையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறவர்களாதலால், இந்தப் பிழை அவர்கள் கண்ணில் படாமல், வருஷக் கடைசியில் பேரேட்டின் அடிப்பகுதியைத் தேடும் கணக்கரின் தலையில் வந்து விழுகிறது. வகுத்தலை முன்னாலும் பெருக்கலைப் பின்னாலும் வைத்தால் தீர்ந்தது. சாய்கோட்டு வகுத்தல் டபிள் வகையில் விடை தருமாதலால் அதன் பிறகு வரும் பெருக்கலுக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆனால் பின்புறமாகச் சாய்ந்த கோட்டைத் தவறிப் போட்டுவிடக் கூடாது. அது முழு எண் வகுத்தல். வேல்யூ உச்சியை அடையும் வரையில் பூஜ்யத்தையே விடையாகத் தந்துகொண்டிருக்கும்.

இனி அம்புக்குறியின் சங்கடம். ஒரு லட்சம் வரிக்கு 32,767 படி என்றால், ஒரு படிக்கு மூன்று வரிக்குச் சற்று மேல். ஆகவே அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் மூன்று வரி தாவும். இடையிலுள்ள இரண்டு வரிகள் மேல்விளிம்புக்கு வரவே வராது. பயனர் இதை மன்னிக்கமாட்டார். மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிவர்த்திக்கு, பட்டையின் முந்தைய மதிப்பை ஒரு மாறியில் வைத்திருந்து, சேஞ்ச் ஈவென்ட் எழும்போது புதிய மதிப்பிலிருந்து அதைக் கழித்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் ஸ்மால்சேஞ்சுக்குச் சமமானால், அழுத்தப்பட்டது அம்புக்குறி. நம் மேல்வரியை ஒன்று மட்டும் கூட்ட வேண்டும், கழித்தல் குறியோடு வந்தால் ஒன்று மட்டும் குறைக்க வேண்டும். லார்ஜ்சேஞ்சுக்குச் சமமானால் ஒரு பக்க அளவு நகர்த்த வேண்டும். இரண்டும் இல்லாத வேறு எண் வந்தால் மட்டும் விகிதக் கணக்கு. அதன் பின், மாறிய மேல்வரிக்கு ஏற்ற படி எதுவோ அதைத் திரும்பக் கணக்கிட்டு, வேல்யூவில் நாமே போட்டுவிட வேண்டும். அப்படிப் போடுவதும் சேஞ்ச் ஈவென்டை எழுப்பும். எழுப்பினால் அது மறுபடி தன்னையே அழைத்துக்கொள்ளும். ஆகையால் ஒரு பூலியன் மாறியை முன்னால் உயர்த்தி, வேலை முடிந்ததும் இறக்கி, அது உயர்ந்திருக்கும்போது ஈவென்ட் ஒன்றும் செய்யாமல் வெளியேறும்படி எழுதுவது கட்டாயம்.

பட்டைக்குள் நகரும் கட்டையைப் பிடித்து இழுக்கும்போது எழுவது சேஞ்ச் அன்று, ஸ்க்ரோல் ஈவென்ட். கையை விட்ட பிறகே சேஞ்ச் வரும். ஸ்க்ரோலில் விகிதக் கணக்கால் மேல்வரியை மாற்றி, முந்தைய மதிப்பையும் அங்கேயே புதுப்பித்துவிட்டால், பின்னால் வரும் சேஞ்சில் வித்தியாசம் பூஜ்யமாகி, அது தானே அடங்கிவிடும். ஸ்க்ரோல் ஈவென்டுக்குள் வேல்யூவைத் திருத்தி எழுத மட்டும் முற்படக்கூடாது; பயனரின் கையும் நம் நிரலும் ஒரே கட்டையை எதிரெதிர்த் திசையில் இழுக்கத் தொடங்கிவிடும்.

இன்னும் ஓர் இடுக்கு இருக்கிறது. பலரும் தவறவிடுவது இதைத்தான். முதல் வரியிலிருந்து கீழ்நோக்கிய அம்பை ஒருமுறை அழுத்துகிறோம். மேல்வரி ஒன்று நகர்ந்தது. அதற்கேற்ற படியைக் கணக்கிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்து, முழு எண்ணாக்கினால் பூஜ்யம். வேல்யூ மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. இப்போது மேல்நோக்கிய அம்பை அழுத்தினால், பட்டை ஏற்கெனவே தொடக்கத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு சேஞ்ச் ஈவென்டையே எழுப்பாது. பேரேட்டின் முதல் வரி அந்த அம்புக்கு எட்டாததாகிவிடும். ஆகவே மேல்வரி பூஜ்யமாக இருந்தாலொழிய வேல்யூ ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று ஒரு நிபந்தனை வேண்டும். மறுமுனையில் இதே தொல்லை நேராதிருக்க, தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்கு உருட்டாமல் இன்ட் என்னும் சார்பால் கீழ்நோக்கி வெட்டிவிட வேண்டும். அப்போது கடைசி வரியை அடைந்தால் மட்டுமே பட்டை மேக்ஸைத் தொடும். சிஇன்ட் சார்பு உருட்டிவிடும். அது இங்கே உதவாது. இவ்வளவும் சேர்ந்து முப்பது, நாற்பது வரிகளுக்குமேல் போகாது.

விண்டோஸின் ஏபிஐயைக் கொண்டு 32 பிட் ஸ்க்ரோல் பாரையே நேரடியாக வரவழைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செட்ஸ்க்ரோல்இன்ஃபோ என்னும் சார்பு 32 பிட் எல்லைகளை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் பட்டை நகர்ந்ததைத் தெரிவிக்கும் விண்டோஸ் செய்தியில் கட்டையின் நிலை இன்னும் 16 பிட்டாகவே வருகிறது; முழு எண்ணைப் பெறுவதற்கு கெட்ஸ்க்ரோல்இன்ஃபோவைத் தனியே அழைக்க வேண்டும். அந்தச் செய்தியைப் பிடிப்பதற்கு ஜன்னலின் செய்திப் பாதையில் நம் சார்பைக் குறுக்கே நுழைக்க வேண்டும். அப்படி நுழைத்த நிரலை விஷுவல் பேசிக்கின் எழுதுதளத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, நிறுத்தும் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிட்டால், எழுதுதளமே சரிந்து, சேமிக்காத வேலை அனைத்தும் போய்விடும். புதிதாக ஒரு கன்ட்ரோல் செய்து விற்பவருக்கு அது தகும். பிறர் எழுதியதைப் பராமரிக்கிறவருக்கு விகித முறையே க்ஷேமம் என்பது என் அபிப்பிராயம்.

 

ஓவர்ஃப்ளோ என்று உரக்கக் கத்தும் ஸ்க்ரோல் பாரைவிட, மௌனமாக அனர்த்தம் விளைவிக்கும் லிஸ்ட் பாக்ஸ் ஆபத்தானது. அதன் லிஸ்ட்கவுண்ட்டும் லிஸ்ட்இண்டெக்ஸும் இன்டிஜரே. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் லிஸ்ட் பாக்ஸ் 32,767 உருப்படிகளுக்குமேல் ஏற்காது. ஆகையால் அங்கே இந்தக் குற்றம் வெளிப்பட இடமே இல்லை. என்டி பரம்பரையைச் சேர்ந்த விண்டோஸ் 2000, எக்ஸ்பி முதலியவற்றில் அந்தத் தடை இல்லாததால், நிரலை நல்ல இயந்திரத்துக்கு மாற்றிய பிறகே அது கெட்டுப்போன மாதிரி தோன்றும். நாற்பதாயிரம் உருப்படிகளை ஏற்றினால் திரையில் நாற்பதாயிரமும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் லிஸ்ட்கவுண்ட்டைக் கேட்டால் கழித்தல் 25,536 என்று பதில் வரும். பூஜ்யத்திலிருந்து லிஸ்ட்கவுண்ட்டுக்கு ஒன்று குறைவு வரையில் சுற்றும் ஃபார் வளையம் ஒருமுறைகூடச் சுற்றாமல் முடிந்துவிடும். பிழை அறிவிப்பு கிடையாது. அச்சில் வெற்றுக் காகிதம் வரும். அதைக்கூடப் பொறுக்கலாம், வெற்றுக் காகிதத்தைப் பார்த்தவர் யாரிடமாவது சொல்லுவார். எழுபதாயிரம் உருப்படிகளானால், எண் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்து 4,464 ஆகிவிடும். முதல் 4,464 உருப்படிகள் மட்டும் அழகாக அச்சாகி, பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக நடந்ததாகவே தோன்றும்.

இதற்கு ஏபிஐதான் வழி. ஆனால் இங்கே செய்திப் பாதையில் குறுக்கிட வேண்டியதில்லை, கேட்டுப் பெற்றால் போதும். சென்ட்மெசேஜ் சார்பை லாங் விடை தருவதாக அறிவித்துக்கொண்டு, லிஸ்ட் பாக்ஸின் ஹெச்வின்ட் ப்ராப்பர்ட்டியோடு 395 என்ற செய்தி எண்ணை அனுப்பினால், உண்மையான எண்ணிக்கை வரும். 392 தேர்ந்தெடுக்கப்பட்ட உருப்படியின் இடத்தைத் தரும்; 394 ஓர் உருப்படியின் எழுத்து நீளத்தையும், 393 அந்த எழுத்தையும் தரும். நீளத்தை முதலில் கேட்டு, அதற்குமேல் ஓர் எழுத்துக்காவது கூடுதலாக இடம் ஒதுக்கிய பிறகே 393-ஐ அனுப்ப வேண்டும். நாற்பதாயிரம் உருப்படிகளை ஒரு மனிதர் முன்னால் கொட்டுவது எந்த வகையிலும் மரியாதை அல்லவென்பதும், மேலே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸை வைத்துத் தட்டச்சிடும் எழுத்துக்கு ஏற்பப் பட்டியலைச் சுருக்கித் தருவதே முறை என்பதும் வேறு விஷயம். அதற்கு எஜமானர்களின் சம்மதம் கிடைக்கும் வரையில் 395-ஐக் கொண்டு காலம் தள்ளலாம்.

டைமர் கன்ட்ரோலும் இந்தக் குடும்பத்தின் உறவுதான். அதன் இன்டர்வல் 65,535 மில்லி செகண்டுக்கு மேல் போகாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதேனும் செய்ய வேண்டுமென்றால், நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பி, நாமே ஐந்து வரை எண்ணிக்கொள்ள வேண்டும். ஆனால் நிமிஷத்தைக் குறிக்க 60-ஐ 1000-ஆல் பெருக்கி எழுதினால், இரண்டுமே இன்டிஜர் ஆதலால், எல்லைக்குள் இருக்கும் எண்ணுக்கும் ஓவர்ஃப்ளோ வரும். நேராக 60000 என்று எழுதினால் விஷுவல் பேசிக் அதைத் தானே லாங்காகக் கொள்ளும்.

இத்தனையும் படித்தபின், நிரல் முழுவதிலும் இன்டிஜர் என்ற சொல்லைத் தேடி, ஒரே மூச்சில் லாங் என்று மாற்றிவிடலாம் என்ற ஆசை எழக்கூடும். அதற்கு இணங்கக்கூடாது. கீப்ரெஸ் ஈவென்டின் கீஆஸ்கி போன்ற அளபுருக்கள் இன்டிஜராகவே இருக்க வேண்டும்; மாற்றினால் நிரல் கம்பைல் ஆகாது, அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். டைப் என்று அறிவித்த பதிவுகளை ரேண்டம் கோப்புகளில் எழுதிப் படிக்கும் நிரலில் மாற்றினால் கதை வேறு: இரண்டு பைட் இருந்த இடத்தில் நான்கு பைட்டைப் படிக்கத் தொடங்கி, பத்து வருஷத்துப் பழைய கோப்பில் அந்தப் புலத்துக்கு அப்பால் உள்ளவை எல்லாம் இடம் பெயர்ந்து தெரியும், அந்த நிலையில் யாராவது ‘சேமி’ பொத்தானை அழுத்திவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. ஆகையால் லிஸ்ட்கவுண்ட், மேக்ஸ், வேல்யூ, இன்டர்வல், சிஇன்ட் என்ற ஐந்து சொற்களை மட்டும் தேடி, ஒவ்வோர் இடமாகப் பார்த்து, வளைய மாறிகளையும் இடைக்கணக்குகளையும் லாங்காக மாற்றி, டைப் அறிவிப்புகளையும் ஏபிஐ அறிவிப்புகளையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். சோதனைக்கு லிஸ்ட் பாக்ஸில் 32,767, 32,768, 40,000, 70,000 என்ற நான்கு அளவுகளை ஏற்றி, ஒவ்வொன்றிலும் கடைசி உருப்படி அச்சில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்க்ரோல் பாருக்கு ஒரு லட்சம் வரி கொடுத்து, கட்டையை அடிவரை இழுத்து, அங்கிருந்து மேல் அம்பால் ஒவ்வொரு வரியாகச் சிறிது தூரம் ஏறி, பிறகு கட்டையை உச்சிக்குக் கொண்டுவந்து, கீழ் அம்பை ஒருமுறையும் மேல் அம்பை ஒருமுறையும் அழுத்தி, முதல் வரி திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.